பழைய 120 கேமராவுக்குப் புதிய ஃப்ளாஷ்: பாறசாலை எல்லையில் நின்று ஓர் அலசல்

களியக்காவிளை சந்தையைத் தாண்டி இஞ்சிவிளை வழியாகப் பாறசாலைக்குள் போனால் கடைப் பலகைகளில் எழுத்து மாறும். பேச்சு அவ்வளவு சீக்கிரம் மாறாது. தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்தில் புரளும். 1956 நவம்பர் 1-ஆம் தேதி அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. மார்ஷல் நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் சேர்த்துக் கேட்ட நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டது. கோடு போட்ட பிறகும் பெண் கொடுப்பதும் எடுப்பதும் நிற்கவில்லை. அதனால் கல்யாண போட்டோ எடுப்பவர்களுக்கு மாநில எல்லை என்பது ஒரு செக்போஸ்ட், அவ்வளவுதான்.

டிஜிட்டல் வருவதற்கு முன் நம் ஊர்ப் பக்கத்து ஸ்டூடியோக்களில் கல்யாண வேலையைச் செய்தவை பெரும்பாலும் 120 ரோல் போடும் கேமராக்கள். வசதியுள்ள ஸ்டூடியோவில் ரோலிகார்ட் அல்லது மாமியா. நடுத்தரத்தில் யாஷிகா மேட். தொழிலைத் தொடங்குகிறவர் கையில் ரஷ்ய லூபிடல். வீட்டு உபயோகத்துக்கு பரோடாவில் செய்த அக்ஃபா கிளிக் 3. பெரும்பாலானவற்றில் ஒரு ரோலுக்கு 12 சதுரப் படம். கோடாக் 1901-ல் கொண்டுவந்த அதே 120 சுருள் இன்றும் விற்பனையில் இருக்கிறது. 2022-ல் கோல்டு 200 என்ற கலர் ஃபிலிமை இந்த அளவிலும் கோடாக் வெளியிட்டது. நம்முடைய பங்குக்கு ஊட்டியில் 1960-ல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருள் செய்தது. அது மூடிப்போயிற்று. அதைப் போட்டுப் படம் எடுத்த கேமராக்கள் அலமாரிகளில் இருக்கின்றன.

இப்போது அவற்றை வெளியே எடுப்பவர்கள் பேரப்பிள்ளைகள். ரிப்பேர் மேசையில் கேமராவை வைத்ததும் கேட்பது ஒன்றைத்தான்: “அண்ணே, இதுல இப்பத்த ஃப்ளாஷ் அடிக்குமா?” பதில்கள் மூன்று விதமாக வரும். மாட்டாதே, கேமரா கருகிப்போகும் என்பது ஒன்று. டிடிஎல் வேலை செய்யாது, அதனால் புது ஃப்ளாஷ் தண்டம் என்பது இரண்டாவது. எதை மாட்டினாலும் அடிக்கும், கவலையே வேண்டாம் என்பது மூன்றாவது. மூன்றும் ஏதோ ஓர் இடத்தில் சரி, மற்ற இடங்களில் தப்பு. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஃப்ளாஷ் மலிவானதாக, மேனுவலாக இருந்தால் போதும். பணம் போக வேண்டிய இடம் ஷட்டர்.

கருகுமா?

பழைய மெக்கானிக்கல் கேமராவுக்குள் ஃப்ளாஷுக்காக இருப்பது இரண்டு சின்ன உலோகத் தகடுகள். ஷட்டர் திறக்கும்போது அவை ஒன்றையொன்று தொடும். அந்தத் தொடுகை ஓர் ஒயர் வழியாக ஃப்ளாஷுக்குப் போகும், ஃப்ளாஷ் அடிக்கும். கேமரா சொல்வது அவ்வளவுதான். ஐஎஸ்ஓ என்ன, அபெர்ச்சர் என்ன, லென்ஸ் என்ன என்று எதையும் அது சொல்லாது. சொல்ல அதற்கு வழியும் இல்லை.

அந்தத் தகடுகளுக்கு இடையே காத்திருக்கும் மின்னழுத்தம் ஃப்ளாஷிலிருந்து வருவது. 1970-களில் வந்த விவிடார் 283-இன் முதல் தயாரிப்புகளில் அது 200 வோல்ட்டைத் தாண்டும். இன்றைய ஃப்ளாஷ்களில் ஐந்து, ஆறு வோல்ட். இரும்பும் பித்தளையுமாக இருக்கும் யாஷிகாவுக்கு 200 வோல்ட்டே பெரிய விஷயமாக இருந்ததில்லை. ஐந்து வோல்ட் அதை என்ன செய்துவிடும்? கருகும் என்ற பயம் எதிர்த்திசையைச் சேர்ந்தது. பழைய ஃப்ளாஷைப் புதிய டிஜிட்டல் கேமராவின் தலையில் மாட்டினால்தான் ஆபத்து, ஏனென்றால் அங்கே தகடு கிடையாது, மின்னணுச் சுவிட்ச் இருக்கிறது. ஐஎஸ்ஓ 10330 என்ற தரநிலை கேமரா தாங்க வேண்டிய அளவாக 24 வோல்ட்டைச் சொல்கிறது. தாத்தாவின் யாஷிகாவோடு அதே பெட்டியில் ஒரு நேஷனலோ விவிடாரோ கிடந்தால் அதை உங்கள் கேனனில் போட்டுப் பார்க்காதீர்கள். பயம் நியாயமானது, சொல்லப்படும் இடம்தான் தவறு.

இதன் மறுபக்கத்தை அதிகம் பேர் பேசுவதில்லை. “பழைய ஃப்ளாஷ் அடிக்குது, புதுசு அடிக்கல்லை” என்ற புகார் இந்தப் பக்கம் அடிக்கடி வருவதற்குக் காரணம் காற்று. பூவாறு, கொல்லங்கோடு கடற்கரையின் உப்பு ஒருபுறம். ஜூனில் ஒரு மழைக்காலமும் ஐப்பசியில் இன்னொன்றும் என இரண்டு பருவமழை மறுபுறம். தகடுகளிலும், வெளியே ஒயரைச் செருகும் பிசி சாக்கெட்டிலும் களிம்பு ஏறிவிடும். 200 வோல்ட் அந்தக் களிம்பைத் துளைத்துக்கொண்டு போகும். ஐந்து வோல்ட்டுக்கு அது முடியாத காரியம். பழுது ஃப்ளாஷில் இல்லை.

கண்டுபிடிப்பது சுலபம். ஒயரைக் கேமராவிலிருந்து கழற்றி, அதன் முனையில் உள்ள நடு ஊசியையும் சுற்று வளையத்தையும் ஒரு குண்டூசியால் சேர்த்துத் தொடுங்கள். ஃப்ளாஷ் அடித்தால் ஃப்ளாஷும் ஒயரும் நன்றாக இருக்கின்றன, களிம்பு கேமராவில். அடிக்காவிட்டால் முதலில் ஒயரை மாற்றுங்கள், ஏனென்றால் இந்த முழு ஏற்பாட்டிலும் அடிக்கடி செத்துப்போவது அதுதான். (இதை 200 வோல்ட் ஃப்ளாஷில் செய்து பார்க்க வேண்டாம், விரல் கெட்டுப்போகாது, ஆனால் துள்ளுவீர்கள்.) சாக்கெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட குச்சியால் துடைத்தாலே பாதிக் கேமராக்கள் திருந்திவிடும். திருந்தாதவை ஷட்டரைப் பிரிக்கத் தெரிந்தவரிடம் போக வேண்டும்.

எம்மா, எக்ஸா?

இரண்டாவது பொறி ஒரு சிறு லீவர். யாஷிகா மேட், மாமியாவின் லென்ஸ்கள், ஹாசல்பிளாட்டின் பழைய ‘சி’ லென்ஸ்கள் ஆகியவற்றில் எம், எக்ஸ் என்று இரண்டு நிலைகள் இருக்கும். எம் என்பது பல்பு காலத்தின் மிச்சம். ஹோமாய் வியாரவாலா டெல்லியில் ஸ்பீடு கிராஃபிக்கிலும் ரோலிஃப்ளெக்ஸிலும் படம் எடுத்த காலத்தில் ஃப்ளாஷ் என்றால் ஒருமுறை எரிந்து கருகும் பல்பு. அது பற்றிக்கொண்டு முழு வெளிச்சத்துக்கு வர ஏறக்குறைய ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு ஆகும். அதற்காக எம் நிலையில் முதலில் தகடுகள் தொடும்; பல்பு பற்றி எழும்வரை பற்சக்கரம் ஷட்டரைப் பிடித்து வைக்கும்; பிறகுதான் இதழ்கள் திறக்கும்.

மின்னணு ஃப்ளாஷ் அப்படிக் காத்திருக்காது. தொட்டதும் அடித்து, அணைந்தும்விடும். எம் நிலையில் அது அடிக்கும்போது ஷட்டர் மூடியே இருக்கும். போட்டோ எடுக்கிறவர் வெளிச்சத்தைக் கண்ணால் பார்க்கிறார், மாப்பிள்ளையும் கண் சிமிட்டுகிறார், ஃபிலிமில் மட்டும் ஒன்றும் விழுவதில்லை.

ஃபிலிம் போடுவதற்கு முன் இதைக் கண்ணால் பார்த்துவிடலாம். மாலையில் விளக்கை அணைத்துவிட்டு, வெள்ளைச் சுவருக்கு எதிரே கேமராவை வைத்துப் பின்கதவைத் திறந்துகொள்ளுங்கள். ஃப்ளாஷ் சுவரைப் பார்க்கட்டும், உங்களைப் பார்க்க வேண்டாம். அபெர்ச்சரை முழுதாகத் திறந்து, யாஷிகாவில் என்றால் எஃப் 3.5-இல், வேகத்தை 1/500-இல் வையுங்கள். ஃபிலிம் இருக்கும் இடத்தில் கண்ணை வைத்து லென்ஸ் வழியே பார்த்தபடி பட்டனை அழுத்துங்கள். லீவர் எக்ஸில் இருந்தால் ஒரு முழு வட்டம், வெள்ளையாக, ஓரம் வெட்டுப்படாமல் பளிச்சிடும். எம்முக்குத் தள்ளி மறுபடி அழுத்தினால் இருட்டு. எக்ஸிலும் வட்டத்துக்குப் பதிலாக நட்சத்திரம் போல முனைகள் தெரிந்தால் இதழ்கள் முழுதாகத் திறக்கும் முன்பே தகடு தொட்டுவிடுகிறது. உள்ளே எண்ணெய் உறைந்திருக்கலாம் அல்லது தகடு வளைந்திருக்கலாம். 1/500-இல் நட்சத்திரமும் 1/60-இல் முழு வட்டமும் வந்தால் மெதுவான வேகங்களை மட்டும் வைத்துக் காலம் தள்ளலாம். ஆனால் அப்படிச் சமாளித்தால் இந்தக் கேமராவின் பெரிய பலத்தை நீங்கள் இழக்கிறீர்கள்.

எம்மில் வைத்தபடி செல்ஃப் டைமரை இழுக்காதீர்கள். சில ஷட்டர்கள் அங்கேயே சிக்கி நின்றுவிடும். இன்று எம்மால் யாருக்கும் உபயோகம் இல்லை. லீவரை எக்ஸில் வைத்து ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுவதே நல்லது.

உச்சி வெயிலில் ஜெயிப்பது யார்?

மேலே சொன்ன அந்தப் பெரிய பலம் இதழ் ஷட்டர். லென்ஸுக்குள்ளேயே இருந்து, நடுவிலிருந்து விரிந்து மூடும் இது, எந்த வேகத்திலும் ஒரு கணமாவது முழுதாகத் திறக்கும். அதனால் 1/500 வரை எல்லா வேகத்திலும் ஃப்ளாஷ் வேலை செய்யும். ஃபிலிமுக்கு முன்னால் ஓடும் திரை ஷட்டர் அப்படியல்ல. வேகம் கூடினால் அது முழுதாகத் திறக்காது, ஓர் இடுக்காக ஓடும். ஃப்ளாஷ் அந்த இடுக்கில் மட்டும் விழும். டிஜிட்டல் கேமராக்களில் அந்த எல்லை 1/200, 1/250 அளவில். மீடியம் ஃபார்மட் திரை பெரியது என்பதால் எல்லை இன்னும் கீழே: 1969-இல் வந்த பென்டாக்ஸ் 6×7-இல் 1/30, கியெவ் 88-இல் 1/30, பென்டகான் சிக்ஸில் அதற்கும் சற்றுக் குறைவு.

இந்த எண்கள் பூவாறு பொழிமுகத்தில் மதியம் பன்னிரண்டு மணிக்கு என்ன செய்யும் என்று பார்ப்போம். பின்னால் மணலும் கடலும் வெள்ளையாக எரிகின்றன. முன்னால் நிற்கிறவரின் கண்குழி கறுத்துக் கிடக்கிறது. ஐஎஸ்ஓ 100 ஃபிலிமுக்கு அந்த வெயிலின் அளவு 1/125-இல் எஃப் 16. அதையே 1/250-இல் எஃப் 11 என்றும் 1/500-இல் எஃப் 8 என்றும் மாற்றிக்கொள்ளலாம். கைட் நம்பர் (ஃப்ளாஷின் பலத்தைச் சொல்லும் எண்) 30 உள்ள ஃப்ளாஷ் எஃப் 8-இல் மூன்றே முக்கால் மீட்டர் வரை வெயிலுக்குச் சமமாக அடிக்கும். நிழலை நிரப்ப ஒரு ஸ்டாப் குறைவாகவே போதும் என்பதால் ஐந்து மீட்டர் வரை போகலாம். ஒரு குடும்பத்தை நிறுத்தி எடுக்கலாம். பென்டாக்ஸ் 6×7-இல் 1/30 என்றால் எஃப் 32 வேண்டும். பல லென்ஸ்கள் 22-லேயே நின்றுவிடும். எஃப் 32 இருந்தாலும் அதே ஃப்ளாஷ் ஒரு மீட்டரைத் தாண்டாது. இந்தக் குறை தெரிந்துதான் பென்டாக்ஸே 90 மி.மீ., 165 மி.மீ. அளவுகளில் இதழ் ஷட்டர் வைத்த லென்ஸ்களைத் தனியாகச் செய்து விற்றது.

புதிய டிஜிட்டல் கேமராக்கள் ஹைஸ்பீடு சிங்க் என்ற வித்தையால் இதைச் சமாளிக்கின்றன. ஃப்ளாஷ் ஒரே அடியாக அடிக்காமல் சின்னச் சின்னத் துடிப்புகளாக அடித்து, திரையின் இடுக்கு ஓடி முடியும்வரை எரியும். இதில் வெளிச்சம் பெருமளவு வீணாகும். ஆக, கடற்கரை வெயிலில் முகத்துக்கு ஃப்ளாஷ் போடும் வேலையில் பழைய யாஷிகா மேட் இன்றைய விலையுயர்ந்த கேமராவைவிட மேல். இது ஏக்கப் பேச்சு இல்லை, கணக்கு. நியூயார்க்கின் டயான் ஆர்பஸ் 1960-களில் மாமியா டபுள் லென்ஸ் கேமராவோடு ஃப்ளாஷைச் சேர்த்துப் பட்டப்பகலில் பூங்காவிலும் தெருவிலும் ஆட்களை எடுத்தார். பின்புலம் சற்று அடங்கி முகம் மட்டும் துருத்தி நிற்கும் அந்தப் பாணிக்கு இதழ் ஷட்டர்தான் வழிவிட்டது. நம் ஊரில் ரப்பர் தோட்டத்து நிழலிலும் ஓட்டு வீட்டுத் திண்ணையிலும் ஆளை நிறுத்தி, வெளியே வெயிலைப் பின்னணியாக வைத்தால் இதே வேலையைச் செய்யலாம். செய்தவர்கள் குறைவு. ஃப்ளாஷ் என்றால் ராத்திரிக்கு என்றே பழகிவிட்டோம்.

ஓர் எச்சரிக்கை உண்டு. பேட்டரி ஃப்ளாஷ்கள் முழு பவரில் அடிக்கும்போது அந்த வெளிச்சம் அடங்க 1/250 நொடி வரை ஆகலாம். 1/500-இல் அதன் வால் வெட்டுப்படும். ரேடியோ டிரிகர் இடையில் இருந்தால் அதன் தாமதமும் சேரும். அரை பவரில் வைத்தால் அல்லது 1/250-இல் எடுத்தால் தொல்லை இல்லை.

டிடிஎல் இல்லாத குறை

டிடிஎல் என்றால் லென்ஸ் வழியே வரும் வெளிச்சத்தைக் கேமராவே அளந்து ஃப்ளாஷை நிறுத்துவது. நம் கேமராவுக்கு அது கிடையாது. யாஷிகா மேட் 124ஜி-யின் தலையில் இருக்கும் மீட்டர் ஊசியும் ஃப்ளாஷைப் பார்க்காது. எனவே விலையுயர்ந்த டிடிஎல் ஃப்ளாஷை இதற்கென்று வாங்குவது வீண்தான். அந்த இரண்டாவது கட்சிக்காரர் சொல்வதில் அவ்வளவு நியாயம் இருக்கிறது.

இடைப்பட்ட வழியாக ‘ஆட்டோ’ ஃப்ளாஷ்களைப் பலர் சிபாரிசு செய்கிறார்கள். விவிடார் 283, மெட்ஸ் 45, நிக்கானின் எஸ்பி-28, எஸ்பி-800 போன்றவற்றில் ஃப்ளாஷின் முகத்திலேயே ஒரு சென்சார் உண்டு. ஆள்மீது பட்டுத் திரும்பும் வெளிச்சம் போதும் என்று தோன்றியதும் அதுவே நிறுத்திக்கொள்ளும். கேமராவின் தயவு வேண்டாம். பல ஊர்களுக்கு இது நல்ல யோசனை. நம் ஊர்க் கல்யாணத்துக்கு எனக்குச் சம்மதமில்லை. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் மாப்பிள்ளை. கசவுப் புடவையோ ஆலயத்து வெள்ளைப் புடவையோ உடுத்திய பெண். மேலே பொன் நகை. சென்சார் இந்த வெள்ளையையும் மினுக்கத்தையும் பார்த்து அவசரமாக நிறுத்திவிடும். முகங்கள் இருண்டுபோகும். பிறகு அதை டச்சப்பில் வெளுக்க வைப்பது ஸ்டூடியோக்களின் பழைய கெட்ட பழக்கம்; முகத்தின் நிறத்தில் குற்றம் இல்லை, வெளிச்ச அளவில்தான் குற்றம்.

மேனுவல் ஃப்ளாஷுக்கு உடையின் நிறம் தெரியாது, தூரம் மட்டுமே தெரியும். அதுதான் அதன் சிறப்பு. கைட் நம்பரைத் தூரத்தால் வகுத்தால் அபெர்ச்சர். ஆளை ஃபோகஸ் செய்த பிறகு யாஷிகாவின் பக்கத்துக் குமிழைப் பாருங்கள். தூரம் அதிலேயே எழுதியிருக்கும். 2.7 மீட்டர் என்றால் 30-ஐ 2.7-ஆல் வகுத்து எஃப் 11. ஐஎஸ்ஓ 400 ஃபிலிம் என்றால் கைட் நம்பர் இரட்டிப்பாகி 60. ஐந்தரை மீட்டரில் நிற்கும் கூட்டத்துக்கும் எஃப் 11 கிடைக்கும். மீடியம் ஃபார்மட்டில் இரண்டு வரிசை ஆட்கள் தெளிவாக வர இந்த அபெர்ச்சர் தேவைப்படும் என்பதால் கல்யாணத்துக்கு 400 ஃபிலிம்தான் உசிதம். ஒரு சீட்டில் ஐந்து தூரங்களையும் அவற்றுக்கான எண்களையும் எழுதி ஃப்ளாஷின் முதுகில் ஒட்டிவிட்டால் மண்டபத்தில் மனக்கணக்கு போட வேண்டியதில்லை.

பெட்டியில் அச்சிட்ட கைட் நம்பரை மட்டும் நம்பாதீர்கள். அது ஜூமை முழுதாக நீட்டி, வெளிச்சத்தைக் குறுக்கி எடுத்த எண். கேனன் 580இஎக்ஸ் 2-இன் பேரிலேயே இருக்கும் 58 என்பது 105 மி.மீ. நிலைக்கானது, 28 மி.மீ. நிலையில் அதே ஃப்ளாஷ் 30. கோடாக்ஸ் போன்ற மலிவு ஃப்ளாஷ்கள் 60 என்று சொல்வது 200 மி.மீ. நிலையில்.

இங்கே சதுரப் படத்துக்கென்று ஒரு தனிச் சிக்கல் வருகிறது. ஃப்ளாஷின் ஜூம் எண்கள் 35 மி.மீ. ஃபிலிமின் நீள்சதுரத்துக்காகப் போடப்பட்டவை. யாஷிகாவின் 80 மி.மீ. லென்ஸ் அகலத்திலும் உயரத்திலும் ஒரே மாதிரி சுமார் 39 டிகிரி பார்க்கும். அதற்கு ‘நார்மல்’ லென்ஸ் என்று பெயர் என்பதால் பலர் ஃப்ளாஷை 50-இல் வைக்கிறார்கள். 50-இல் ஃப்ளாஷ் அகலத்துக்கு 39 டிகிரி கொடுக்கும், உயரத்துக்கு 27-தான். தலைக்கு மேலும் காலடியிலும் இருட்டு. ஜூமை 28-இல் வைத்தால் உயரத்துக்கு 46 டிகிரி கிடைத்து முழுச் சதுரமும் நிறையும். ஆகவே உங்கள் நிஜமான கைட் நம்பர் 28 மி.மீ. நிலையில் கிடைப்பதுதான்.

டிஜிட்டல் கேமரா கையில் இருந்தால் அதையே மீட்டராக்கலாம். ஒருகாலத்தில் ஸ்டூடியோக்காரர்கள் போலராய்டு எடுத்துப் பார்த்துவிட்டு ஃபிலிமில் எடுப்பார்கள். ஃபூஜியின் எஃப்பி-100சி உற்பத்தியும் 2016-இல் நின்றதோடு அந்த வழி அடைந்தது. டிஜிட்டலில் அதே ஐஎஸ்ஓ, அதே அபெர்ச்சர் வைத்து ஒரு படம் எடுத்துத் திரையில் பார்த்துவிட்டால் போதும். டிஜிட்டலில் வெள்ளை எரியாத அளவுக்குச் சரிசெய்ததும், நெகட்டிவ் ஃபிலிமுக்கு அதைவிட அரை ஸ்டாப் அதிகமாகவே கொடுங்கள். நெகட்டிவ் கூடுதலைத் தாங்கும், குறைவைத் தாங்காது.

மாமியா சி330, ஆர்பி67 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இவற்றின் பெல்லோஸ் நீள நீள ஃபிலிமுக்கு வரும் வெளிச்சம் குறையும். மோதிரத்தையோ தாலியையோ நெருங்கி எடுத்தால் இரண்டு ஸ்டாப் வரை போய்விடும். கைட் நம்பருக்கு இது தெரியாது. கேமராவின் பக்கத்திலேயே திருத்த அளவு போட்டிருக்கும், அதைப் பாருங்கள்.

மண்டபத்தில்

யாஷிகா மேட் 124ஜி-யின் பக்கத்தில் ஒரு ஷூ உண்டு, ஆனால் அதில் மின்தொடர்பு கிடையாது. ஃப்ளாஷை அதில் செருகினாலும் ஒயர் வேண்டும். பல மலிவு ஃப்ளாஷ்களில் பிசி துளை இல்லாததால், ஹாட் ஷூவும் ஒயரும் சேர்ந்த ஒரு சின்ன அடாப்டரை இடையில் போட வேண்டியிருக்கும். ரேடியோ டிரிகரும் இதே அடாப்டரில் உட்காரும். அப்படி உட்காரவைத்துவிட்டு ஃப்ளாஷை ஒரு குடையோடு ஸ்டாண்டில் தள்ளி நிறுத்துவதுதான் நான் சொல்லும் ஏற்பாடு. இடுப்பளவில் இருக்கும் கேமராவின் பக்கவாட்டிலிருந்து அடிக்கும் ஃப்ளாஷ், சுவரில் ஒரு கறுப்பு இரட்டையரை உருவாக்கும். பழைய ஆல்பங்களில் மணமக்களுக்குப் பின்னால் நிற்கும் அந்த நிழல்களைப் பார்த்திருப்பீர்கள்.

பழைய கேமராவால் தூங்கும் ஃப்ளாஷை எழுப்ப முடியாது. இன்றைய ஃப்ளாஷ்கள் சில நிமிடம் சும்மா இருந்தால் தாமாக அணைந்துவிடும். டிஜிட்டல் கேமராவின் பட்டனைப் பாதி அழுத்தினால் விழிக்கும். நம் கேமராவில் பாதி அழுத்தம் என்ற ஒன்றே இல்லை. பெரியவர்களின் ஆசீர்வாதம் முடிந்து தாலி எடுத்துக் கொடுக்கும் நேரத்தில் ஃப்ளாஷ் தூங்கிக்கொண்டிருக்கும். தானாக அணையும் வசதியை முதலிலேயே அணைத்துவிடுங்கள்.

ஒயரும் ரேடியோவும் வேண்டாம், ஆப்டிகல் ஸ்லேவ் போதும் என்று சிக்கனம் பார்ப்பவர்கள், மண்டபத்தில் இன்னும் நான்கு பேர் டிஜிட்டல் ஃப்ளாஷ் அடிக்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது. அவர்கள் அடிக்கும்போதெல்லாம் உங்கள் ஃப்ளாஷும் கூடவே அடித்து, உங்கள் முறை வரும்போது சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும். கூட்டத்தில் ரேடியோதான் சரி. பழைய சோனி, மினோல்டா ஃப்ளாஷ்கள் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். 1988 முதல் பல வருடம் அவர்கள் வைத்த ஷூ தனி வடிவம், அதற்கென்று இன்னொரு அடாப்டர் தேட வேண்டும்.

மேலே அடித்துத் திருப்புவது பற்றியும் கேட்பார்கள். வெள்ளைக் கான்கிரீட் கூரை தாழ்வாக இருக்கும் வீட்டு ஹாலில் அழகாக வரும். இரண்டு ஸ்டாப்புக்கு மேல் இழப்பீர்கள், 400 ஃபிலிம் அதைத் தாங்கும். ஓட்டு வீட்டில் ஓட்டின் செம்மை முகத்தில் விழும். உயரமான ஆலயக் கூரைக்கு அடிப்பது இருட்டுக்குள் கல் எறிவதுதான்.

ஃப்ளாஷால் முடியாத இடங்களையும் சொல்ல வேண்டும். எல்லைக்கு இந்தப் பக்கம் கொல்லங்கோடு பத்திரகாளி கோயிலில் மீன பரணியன்று தூக்கம் என்ற சடங்கு நடக்கும். தூக்கக்காரர்கள் குழந்தைகளைக் கையில் ஏந்தி, வில்லில் உயரே தொங்கியபடி கோயிலைச் சுற்றி வருவார்கள். சாயங்கால வெளிச்சத்தில் கீழே நின்று அவர்களை நோக்கி ஃப்ளாஷ் அடிப்பவர்களை எல்லா வருடமும் பார்க்கலாம். பன்னிரண்டு மீட்டர் தூரம் என்று வைத்துக்கொண்டால், ஐஎஸ்ஓ 100 ஃபிலிமில் கைட் நம்பர் 30-க்கு எஃப் 2.5 வேண்டும்; யாஷிகாவின் லென்ஸ் திறப்பதே 3.5 வரைதான். படத்தில் விழுவது முன்னால் நிற்பவரின் பின்னந்தலை. அங்கே 400 ஃபிலிமும் ஸ்டாண்டும்தான் துணை.

கழுவுவதும் காப்பதும்

கலர் ஃபிலிமைக் கூரியரில் பெருநகர லேபுக்கு அனுப்புவதே இங்கிருந்து நடைமுறை. கறுப்பு வெள்ளையை வீட்டில் கழுவலாம். டி-76 போன்ற டெவலப்பர்களின் நேரங்கள் 20 டிகிரிக்குப் போடப்பட்டவை. நம் குழாய்த் தண்ணீர் 27-க்குக் குறைவது அபூர்வம். அந்தச் சூட்டில் நேரம் ஏறக்குறைய பாதியாகும். சூட்டைக் கவனிக்காமல் கழுவினால், ஏற்கனவே ஃப்ளாஷில் பளிச்சென்றிருக்கும் வேட்டியும் சட்டையும் நெகட்டிவில் கட்டிக் கறுப்பாகிவிடும். எந்தப் பிரிண்டிலும் மடிப்புத் தெரியாது. ஐஸ் போட்ட வாளியில் டாங்கை வைத்து 20-க்கோ 22-க்கோ கொண்டுவருவது சிரமம்தான், செய்யத்தான் வேண்டும்.

ஃப்ளாஷை மழைக்காலம் முழுக்கப் பேட்டரியோடு பூட்டி வைக்காதீர்கள். பேட்டரி கசிந்தால் உள்ளே போன உப்பு வெளியே வராது. மாதம் ஒருமுறையாவது முழு பவரில் சில தடவை அடித்தால் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் நலமாக இருக்கும். கேமராவைத் தோல் உறையோடு வைக்காதீர்கள். பூஞ்சைக்கு அந்த உறைதான் வீடு.

தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் 1880 முதல் 1980 வரையான படங்களைப் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிவின் விளிம்பிலுள்ள ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு தேடிச் சேர்த்தது. பாறசாலை, அமரவிளை, நெய்யாற்றின்கரை ஸ்டூடியோக்களின் பெட்டிகளில் இருக்கும் 120 நெகட்டிவ்களையும் யாராவது அப்படிப் புரட்ட வேண்டும். எங்கே ஃப்ளாஷ் வைத்தார்கள், எந்தத் தூரத்தில் நின்றார்கள் என்பதை அந்த நிழல்களை வைத்தே படிக்கலாம். எந்தக் கையேட்டைவிடவும் அது நல்ல பாடம்.

வாங்கப் போகிறவருக்கு முடிவாக: இதழ் ஷட்டர் உள்ள டபுள் லென்ஸ் கேமரா, மேனுவல் ஃப்ளாஷ் ஒன்று, ரேடியோ டிரிகர் ஒரு ஜோடி, அடாப்டர் ஒன்று, நல்ல ஒயர் இரண்டு. திரை ஷட்டர் கேமரா ஏற்கனவே வீட்டில் இருந்தால் அதை ஸ்டூடியோவுக்குள்ளும் ராத்திரிக்கும் வைத்துக்கொள்ளுங்கள், வெயிலில் ஃப்ளாஷ் வேலைக்காகப் புதிதாக வாங்க வேண்டாம். மிச்சப் பணத்தில் ஷட்டரைச் சுத்தம் செய்து எண்ணெய் மாற்றுங்கள். அதற்கும் முன்னால், ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல், பின்கதவைத் திறந்து எக்ஸில் 1/500 வைத்து அந்த வட்டம் முழுதாகத் தெரிகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.